ஜன்னலடிக் கீரை

மாசி பிறந்த கொஞ்ச நாளிலேயே அர்ஜுனனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினான். வெளியே காலையிலேயே வெயில் சித்திரை மாதம் போல அடித்துக்கொண்டிருந்தது. கூரையில் போட்டிருந்த சிமெண்ட் ஷீட்டின் சூடு அறைக்குள் இறங்கி நின்றது.

கீர்த்தனா ஈரத்துணியை அவன் நெற்றியில் போட்டுவிட்டு, தோளில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள். பிளஸ் டூ படிக்கிறவள். பொதுத்தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அவள் அம்மா தனம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை மூடினாள். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை அவளுக்கு. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். வெயில் ஏற ஏற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறைகள் காலியானால் முதலில் யாரை நிற்கச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இந்த மாதத்தில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

"நீ இன்னிக்கி வீட்ல இரு" என்றாள். "நாளைக்கும் இரு. பரீட்சை எங்கியும் ஓடிப்போவாது. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"அடுத்த வருஷம் அப்பா எழுந்து நடந்துடுவாரா?"

"வாய் பேசாதடி."

"பேசலம்மா. கேக்கறேன்."

தனம் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அர்ஜுனன் செங்கம் வழியில் தனியார் பஸ் ஓட்டியவன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் மோதினான். இடுப்பெலும்பு நொறுங்கிப்போய், முதுகிலும் அடி. கால்களில் உணர்ச்சி இருந்தது, பலம் இல்லை. கைகள் பழையபடி இருந்தன. ஆனால் தானாக எழுந்து உட்காரவோ ஒருக்களித்துப் படுக்கவோ முடியாது. மூத்திரத்துக்குப் போட்டிருந்த குழாயில் கிருமி பிடித்ததால் அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீர்தான் இனிமேல் மருந்து, நிறையக் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் வரும், கிட்னிக்குப் போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் குடித்தால் பாட்டில் வைக்கவேண்டும். அதற்கு அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வழி ஏற்பட்டிருந்தது. அவன் இருமுவான். அவள் வந்து அவனை ஒருக்களித்துப் புரட்டி, போர்வைக்குள் பாட்டிலை வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். அவன் மறுபடியும் இருமினால் வந்து எடுத்துப்போவாள். அது இன்னதென்று இருவரும் ஒரு நாளும் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. அப்படித்தான் அவளுக்குப் பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் பாதி நாள் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிற்று.

ஒத்தாசையிலிருந்து அறிவுமதி தேடி வந்தது அதற்குப் பிறகுதான். ஒத்தாசை என்பது வேங்கிக்கால் போகிற வழியில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஒரு அறை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு படிப்பை விடுகிற பிள்ளைகளை அறிவுமதி ஸ்கூட்டியில் தேடிப்போவாள். பேச ஆளில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற பெரியவர்களையும் தேடிப்போவாள். முன்னவர்களுக்குப் பொழுதே இல்லை, பின்னவர்களுக்குப் பொழுது போகவில்லை. பெரியவர்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புவதுதான் ஒத்தாசையின் வேலை. மில் ஓடும்போது அந்த அறையின் தரை அதிரும், மேஜைமேல் மாவு படியும். அவள் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் குறைவு.

அர்ஜுனன் வீட்டுக்கு அவள் அனுப்பியது சரசுவை. சரசு செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சமைத்தவள். ஊரடங்கில் மெஸ் மூடியது, பிறகு திறக்கவேயில்லை. புருஷன் அதற்கும் முன்பே ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, காவி கட்டிக்கொண்டு அந்தப் பாதையிலேயே தங்கிவிட்டான். மலையைச் சுற்றுகிற பாதையில் அவள் இப்போது நடப்பதில்லை. ரேஷன் கடைக்கு அவள் வருவதே நின்றுபோனதாகக் கடைக்காரர் சொல்லித்தான் அறிவுமதிக்குத் தெரிந்தது. கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து சரசு தினமும் இங்கே வந்தாள். கீர்த்தனா பள்ளிக்கூடம் போனாள். சரசு சமைத்தாள், பெருக்கினாள், ஓயாமல் பேசினாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். அவள் திரும்பி வரும்போதெல்லாம் சொம்பு காலியாக இருந்தது.

அப்படியும் தை மாதம் ஒரு காய்ச்சல். இப்போது இது.

மத்தியானம் அறிவுமதி ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். முகம் கறுத்திருந்தது. தனம் அவளுக்கு ஃபோன் செய்திருந்தாள். உங்க ஒத்தாசை வந்தப்புறம்தான் காய்ச்சல் ஜாஸ்தி, அந்தம்மா சொம்பக் கழுவுதோ இல்லியோ, யாரு கண்டது என்று சொல்லியிருந்தாள். அதைச் சரசுவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், சரசு கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சரசு அன்று சீக்கிரமே வந்திருந்தாள்.

"இன்னா மதி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட? துன்னியா, இல்லியா?"

"இல்ல பெரிம்மா. இன்னும் ரெண்டு வீடு போவணும்."

"போவலாம் போவலாம். வீடு நடந்தா போயிடும்? கேவுரு களி, கீரை கடைஞ்சிருக்கேன். உக்காரு."

தட்டில் களியை உருட்டி வைத்து, நடுவில் குழித்துக் கீரையை ஊற்றினாள். கீர்த்தனாவுக்கும் வைத்தாள். அர்ஜுனன் கஞ்சி போதும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கீரை இளசா இருக்குதே. மார்க்கெட்ல தொட முடியல, அந்த விலை விக்கறான்" என்றாள் அறிவுமதி.

"மார்க்கெட்டா? நம்ம தோட்டத்துக் கீரைம்மா இது." சரசு சிரித்தாள். "இதோ, இந்த ஜன்னலுக்கு அடியில தானா முளைச்சிக்கினு நிக்குது. கிள்ளக் கிள்ளத் தழையுது. எல்லாம் என் கை ராசி."

அறிவுமதி கலசபாக்கம் பக்கத்தில் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். அவள் அப்பா இந்த வருஷம் கிணறு வற்றி, போட்ட கீரையைப் பாத்தியோடு விட்டிருந்தார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இந்த வெயில்ல எங்க ஊர்லயே கீரை கருகிப்போச்சி. இதுக்கு யாரு தண்ணி ஊத்தறது?"

"யாரு ஊத்தறாங்க? குடிக்கவே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்ல..." சரசு பேச்சை முடிக்கவில்லை.

கீர்த்தனா களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே போய்ச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்தாள். சந்து முழுக்க மண் வெடித்துக் கிடந்தது. அந்த ஒரு முழம் இடம் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அப்பா கட்டிலை ஒட்டிய அந்த ஜன்னலின் விளிம்பிலிருந்து சுவரில் ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது. பாசி பிடித்த பச்சைக் கோடு. அதன் முடிவில் முளைக்கீரை கொழுத்து நின்றது.

அவள் உள்ளே வந்தபோது அர்ஜுனன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அப்பா."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"எத்தினி நாளாப்பா?"

"காலையில நீ குடுக்கறத குடிக்கறேன் இல்ல" என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ராத்திரி உங்கம்மா குடுக்கறதையும் குடிக்கறேன்."

சரசு மெதுவாக எழுந்து கட்டிலருகே வந்தாள். கையில் கீரை ஒட்டியிருந்தது.

"அப்பன்னா நான் குடுத்தது எதுவும் உள்ள போவல." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஏம்பா, என் கை தண்ணி ஆவாதா உனக்கு?"

அந்தக் கேள்வி எங்கே போய்த் தொடுகிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அர்ஜுனன் சட்டென்று முகத்தைத் திருப்பினான்.

"அய்யய்ய, அதுக்கில்லக்கா. நீ ஆக்கினதத்தானே துன்னுக்கினு இருக்கேன்."

"பின்ன இன்னாத்துக்கு?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணி குடிச்சா அப்பால இன்னா ஆவும்? உன்னத்தானே கேக்கணும்?"

"கேட்டா இன்னா? எடுத்துக் குடுக்க மாட்டனா? மெஸ்ஸுல எவன் எவனோ எடுத்த வாந்தியெல்லாம் வாரிக் கொட்டினவ நானு."

"குடுப்ப. எனக்கு தெரியும்." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "நீ வந்தா டிரைவரேன்னு கூப்பிடற. அந்த வளைவுல எப்பிடி ஒடிச்ச, இந்த மழையில எப்பிடி ஓட்டினன்னு கதை கேக்கற. பொண்டாட்டிகிட்ட கேட்டாச்சி. பெத்த பொண்ணுகிட்டயும் கேட்டாச்சி. யாராவது ஒருத்தர்கிட்டயாவது கேக்காம இருந்து பாக்கலாம்னு நெனச்சேன்க்கா. அவ்ளோதான்."

கீர்த்தனா தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சரசு கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். அவளுடைய ஒயர் கூடை கதவோரம் அப்படியே இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அறிவுமதி போய்க் கதவைத் தட்டினால், உடம்பு முடியலம்மா, நீ போ என்று உள்ளிருந்தே குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் அர்ஜுனனுக்கு ஊசி போட்டார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் படுக்கையில் சேர்க்கவேண்டியிருக்கும் என்றார்கள். கீர்த்தனா வீட்டிலேயே இருந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இருமினால் எழுந்தாள். ஜன்னலடியில் கீரை இரண்டு நாளில் தலையைத் தொங்கப்போட்டது.

கீர்த்தனா நடந்ததைச் சொன்னபோது தனம் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள் மடியில் கிடந்தன.

"அந்தம்மாவ சும்மா பேசிட்டேன்" என்றாள். பிறகு, "வேற ஆள போட்டா மட்டும் இந்தாளு கேப்பாரா? எந்தப் பொம்பளையா இருந்தாலும் இதுதான். உட்டுடு கீர்த்தனா. பரீட்சைய உட்டுடு" என்றாள்.

அதே சந்தின் மறுமுனையில் கோதண்டராமன் இருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவரும் அறிவுமதி போய்ப் பார்க்கிற ஆள்தான். காது மந்தம். அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். சந்துக்கே கேட்கும். அன்று அறிவுமதி கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் சாத்தினாள். உள்ளே அடுப்புமாதிரி வெந்தது.

"இன்னாம்மா ரகசியம்?" என்றார். "எனக்கு பொண்ணு கிண்ணு பாத்திருக்கியா?"

அவள் அவர் காதுக்குள் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"என்னால ஆவாதும்மா. என் வீட்டுக்காரிய கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். அந்த மாதிரி ஒரு வீட்ல போயி மறுபடியும் உக்கார முடியாது. அந்த வாசனை வந்தா எனக்கு எல்லாம் திரும்பி வந்துடும்."

"உக்கார வேணாங்கய்யா. சரசம்மா இருப்பாங்க. கூப்பிடும்போது வந்துட்டு உடனே போயிடுங்க."

"கூப்பிட்டா எங்க கேக்குது? நீ இப்ப காதுல வந்து கத்தறதே பாதிதான் கேட்டுது."

அறிவுமதி எழுந்து கதவைத் திறந்தாள். காற்று வந்தது. அவர் ஏதோ யோசித்துக்கொண்டு, சுவரில் பழைய காக்கிச் சட்டை மாட்டியிருந்த கொக்கியிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். கயிறு கறுத்திருந்தது.

"இது கேக்கும்" என்றார். "பேச்சு விழாது, இது மட்டும் விழும். ஏன்னு டாக்டருக்கே தெரியல."

சாயங்காலம் அவர் அர்ஜுனனைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று மூக்கால் ஒருமுறை முகர்ந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"எந்த வண்டி ஓட்டின நீ?"

அர்ஜுனன் பஸ்ஸின் பெயரைச் சொன்னான். கீர்த்தனா அதைக் கத்திச் சொன்னாள்.

"அதான பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல எங்க வண்டிக்கு முன்னாடி குறுக்க போட்டு ஆள வாரிக்கினு போவீங்களே, அந்த கோஷ்டி."

"உங்க வண்டியில எந்த ஆளுண்ணா இருந்தான் வாரறதுக்கு?"

"இன்னாங்கறான்?"

"உங்க வண்டியில ஆளே இருக்க மாட்டாங்களாம்" என்று கீர்த்தனா கத்தினாள்.

அவர் சிரித்தார். விசிலை அர்ஜுனன் கையில் வைத்தார்.

"ஒரு விசில் ஊது. வந்துடறேன். வேலை முடிஞ்சா நான் ரெண்டு விசில் குடுப்பேன். அதுக்கப்புறம்தான் பொம்பளைங்க உள்ள வரணும். உனக்கு தெரியாதது இல்ல."

அர்ஜுனன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"இருபது வருஷம் அடுத்தவன் ஊதி நான் நிறுத்தினேன்" என்றான். "இப்ப இதுக்கு நான் ஊதணுமா?"

கோதண்டராமனுக்கு அது கேட்கவில்லை. கீர்த்தனா அதைக் கத்திச் சொல்லவும் இல்லை. அவன் விசிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டான்.

அது அங்கேயே தொங்கியது. பரீட்சைக்கு முந்தின நாள் வரை அவன் அதைத் தொடவில்லை. ஒரு தடவை ஊதிப் பாருப்பா என்று கீர்த்தனா சொன்னால், அவசரம்னா ஊதறேன் என்பான். அவள் இருக்கும்வரை அவசரம் இல்லை. இருமினால் போதும்.

அன்று சாயங்காலம் அவள் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்தது.

"கூடைய குடுக்க வந்தியா, கூப்பிட வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் பெரிம்மா. நாளைக்கு தமிழ் பரீட்சை."

சரசு தரையில் உட்கார்ந்தாள். அடுப்பு பற்றவைத்த அடையாளமே அறையில் இல்லை.

"ஒரு ஆம்பளை எங்கிட்ட சொல்லாம எழுந்து போனான்" என்றாள். "இன்னொரு ஆம்பளை சொல்லாம படுத்துக்கினே காஞ்சிருக்கான். எனக்கு பேச ஒரு ஆளு கிடைச்சிச்சேன்னு பேசிக்கினே இருந்துட்டேன். பேசறவளுக்கு காது இல்ல பாரு."

"நான் கூட அந்தக் கீரைய துன்னேன் பெரிம்மா. எனக்கும்தான் தெரியல."

சரசு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இன்னிக்கி சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

மறுநாள் தனம் வேலைக்குக் கிளம்பும்போது மகளிடம் அதிகம் பேசவில்லை. "போயிட்டு வா. ஆனா இன்னிக்கி அவரு பழையபடி காஞ்சி கிடந்தாருன்னு தெரிஞ்சா, மத்த பரீட்சை கிடையாது. சொல்லிட்டேன்" என்றாள். அதில் மிரட்டல் இல்லை. அசதிதான் இருந்தது.

சரசு வந்து சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு கட்டிலருகே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"இத சாத்திடட்டுமா?" என்று கீர்த்தனாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம். திறந்தே இருக்கட்டும்."

அர்ஜுனனுக்கு அது கேட்டிருக்கும். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை அறையில் கீர்த்தனா எழுதினாள். படித்ததில் சில வந்தன, சில வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமியபோது பேனா நின்றது. அவளே அறியாமல் பாதி எழுந்துவிட்டாள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. சந்தில் யாரும் இல்லை. அவள் வாசலுக்குப் போகவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து குந்தி உட்கார்ந்தாள். கீரை சருகாகி மண்ணோடு படுத்திருந்தது. மண்ணில் கையை வைத்தாள். விரலால் கிளறினாள். அடிவரை காய்ந்து, புழுதியாக வந்தது. சுவரில் பாசிக்கோடு வெளுத்திருந்தது.

தண்ணீரை ஊற்றவில்லை. குடித்தானா, தொடாமல் வைத்திருக்கிறானா என்பதை மண் சொல்லாது.

உள்ளே சரசுவின் குரல் கேட்டது. "அப்ப பிரேக் புடிக்கலன்னா இன்னா பண்ண?"

"கியர குறைச்சி மேட்டுல ஏத்தினேன்" என்றது அப்பாவின் குரல். "ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல." பேச்சு நின்றது. பிறகு, "அக்கா, அடுப்புல இன்னாவோ வாசனை வருது பாரு" என்றான்.

"அடுப்பே பத்த வெக்கலியே" என்று சொல்லிக்கொண்டே சரசு எழுந்து போகிற சத்தம் கேட்டது. பின்பக்கத்தில் பாத்திரங்கள் வேண்டுமென்றே உருண்டன.

ஜன்னல் கம்பியில் தொங்கிய கயிறு மேலே போயிற்று.

ஒரு விசில். சிறியது, பாதியில் உடைந்தது. ஆனாலும் விசில்தான்.

கீர்த்தனா எழுந்துவிட்டாள். கால் தானாக எழுந்தது. பை தோளிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. அவள் மூலை திரும்புவதற்குள் சந்தின் அந்தக் கோடியிலிருந்து கோதண்டராமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"நீ எங்க போற?" என்றார். "உக்காரு. இது என் ஸ்டாப்பு."

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சரசு பின்பக்கத்து வழியாக வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"எப்பிடி எழுதின?"

"எழுதினேன்."

"காலையில இருந்து எனக்கு அடுப்பங்கரை நடையாவே இருக்குது. மொத தடவை விசில வாயில வெச்சிக்கினு கிடந்தாரு பாரு, கிடந்தாரு. நான் பாத்திரத்த உருட்டினப்புறம்தான் ஊதினாரு. இப்ப அவரே அனுப்பறாரு." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கீரையைப் பார்த்தாள். "செத்துப்போச்சி."

"ம்."

உள்ளிருந்து இரண்டு விசில் கேட்டது. நீளமாக, கண்டக்டர் விசில்.

"ரைட்டு" என்று சரசு முணுமுணுத்துக்கொண்டு, சொம்பை நிரப்ப உள்ளே போனாள்.

கீர்த்தனா போகவில்லை. புழுதியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடினாள்.